பழைய வண்டிக்குப் புதிய ஃபோர்க்

மிதிவண்டியின் முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் கவையை நாள்தோறும் பார்க்கிறீர்கள். ஃபோர்க் என்று சொன்னால்தான் பழுதுபார்க்கும் கடையில் விளங்கும். ஆகவே நாமும் அப்படியே அழைப்போம். மோட்டார் சைக்கிளில் இந்த உறுப்புக்கு வேலை அதிகம். சக்கரத்தைத் தாங்குவதோடு அது வண்டியைத் திருப்புகிறது. மேடுபள்ளங்களில் அமுங்கி எழுகிறது. பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கிச் சாயும் பாரத்தையும் ஏற்கிறது.

1970களின் மோட்டார் சைக்கிளிலிருந்து இந்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, பிற்காலப் பந்தய வகை வண்டி ஒன்றின் ஃபோர்க்கைப் பொருத்துவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆர்வலர் பலர் செய்யும் வேலை. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு. அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியில்லை என்பதை அறிய, ஃபோர்க் வளர்ந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தொடக்கக்கால மோட்டார் சைக்கிள்கள் மிதிவண்டியின் அசையாத ஃபோர்க்கையே கடன் வாங்கிக்கொண்டன. பின்னர் இணைகர வடிவில் கம்பிகளைக் கோத்து, நடுவே ஒரு சுருள்வில்லை வைத்த 'கர்டர்' ஃபோர்க் வந்தது. வில் அமுங்கும்; ஆனால் அமுங்கிய வில் துள்ளிக்கொண்டே இருக்குமே! அத்துள்ளலை அடக்க, ஒன்றோடொன்று உராயும் தட்டுகளை வைத்தார்கள். சாலைக்குத் தக்கபடி ஒரு திருகைக் கையால் முடுக்கி உராய்வைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்க்குள் குழாய் நழுவும் ஃபோர்க் 1908ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஸ்காட் வண்டியில் இருந்தது. ஆனால் துள்ளலை அடக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் அக்குழாய்களுக்குள் எண்ணெயை ஊற்றியது. குழாய் அமுங்கும்போது எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டும். அந்தத் தடையே துள்ளலை அடக்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் மேட்ச்லெஸ் வண்டிகளும், 1949இல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் இவ்வழிக்கு வந்தன. 1955இல் சென்னையில் தொடங்கிய கூட்டு நிறுவனம் பின்னர் திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டும் இதே வகை ஃபோர்க்கோடுதான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வழிகாட்டிய பி.எம்.டபிள்யூவே 1955 முதல் 1969 வரை இதைக் கைவிட்டு 'ஏர்ல்ஸ்' என்ற வேறோர் அமைப்பைப் பயன்படுத்தியது. தொழில்நுட்ப வரலாறு நேர்க்கோட்டில் நடப்பதில்லை.

ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றில் பொருத்துவதும் புதிதன்று. டிரையம்ப் எஞ்சினை நார்ட்டன் சட்டத்தில் அமர்த்தி, 'டிரைட்டன்' என்று பெயரிட்டு, 1950களிலும் 1960களிலும் பிரிட்டிஷ் இளைஞர்கள் ஓட்டினார்கள்.

1969இல் ஹோண்டா சி.பி. 750 வந்தது. நான்கு சிலிண்டர், 67 குதிரைத்திறன், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அதன் ஃபோர்க் குழாயின் விட்டமோ 35 மி.மீ.தான். விரைவில் பிரேக்கை அழுத்தினால் ஒல்லியான குழாய்கள் வளையும்; வளைந்த குழாய் உறைக்குள் தடையின்றி நழுவாது. பள்ளத்துக்குத் தக்கபடி சக்கரம் எழுந்து தாழ வேண்டிய அதே நொடியில் ஃபோர்க் இறுகிக்கொள்ளும். எஞ்சின் வளர்ந்த வேகத்தில் ஃபோர்க் வளரவில்லை.

பிற்காலப் பந்தய வகை ஃபோர்க் இதற்கு விடையாகத் தலைகீழாக நிற்கிறது. வளைக்கும் விசை மிகுதியாக இருப்பது ஃபோர்க்கை வண்டியோடு கவ்விப் பிடிக்கும் மேல்பகுதியில். அங்கே மெல்லிய உட்குழாய்க்குப் பதிலாகப் பருத்த வெளிக்குழாயை வைத்தார்கள். சுவரின் கனம் மாறாமல் விட்டம் இருமடங்கானால், குழாயின் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வெளிக்குழாய் எஃகைவிட எளிதில் வளையும் அலுமினியத்தால் ஆனது. ஆகவே சுவரும் கனமாகவே இருக்கும். உள்ளேயும் மாற்றம் உண்டு. எண்ணெய் வேகமாகப் பாயும்போது சிறு துளையின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி, கூரிய மேட்டில் கையையே உதறும். புதிய ஃபோர்க்கில் மெல்லிய எஃகு வட்டுகளின் அடுக்கு, அழுத்தத்துக்கேற்ப வளைந்து வழிவிடுகிறது.

இத்தனை நன்மைகளையும் கண்டு ஃபோர்க்கை மாற்றப் புகுபவர் மறப்பது ஒரு கணக்கு. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அது தன் திருகு அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் நேராக ஓடுகிறது. மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டுங்கள். அது தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடும். இவ்விடைவெளியே வண்டியை நேராக ஓடச் செய்கிறது. குறைந்தால் வண்டி தள்ளாடும். கூடினால் திருப்பக் கனக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பழைய வண்டியொன்றில் சக்கரம் 19 அங்குலம், டயரோடு ஆரம் 330 மி.மீ.; திரும்பும் அச்சின் சாய்வு 27 பாகை; அச்சுக்கு முன்னால் ஃபோர்க் தள்ளி நிற்கும் தொலைவு 60 மி.மீ. எனக் கொள்வோம். இடைவெளி ஏறத்தாழ 101 மி.மீ. வருகிறது. புதிய ஃபோர்க்கோடு 17 அங்குலச் சக்கரம் வரும். ஆரம் 300 மி.மீ. முன்தள்ளல் 30 மி.மீ.தான். சாய்வு மாறாவிட்டால் இடைவெளி 119 மி.மீ. ஆகிவிடும். ஆனால் சிறிய சக்கரத்தோடு, ஃபோர்க்கும் குட்டையானால் வண்டியின் முன்பக்கம் தாழும். சாய்வு 24 பாகைக்கு இறங்கினால் மீண்டும் 101 மி.மீ. தற்செயலாகக் கணக்கு நேராகிவிட்டது! ஆனால் இதற்காக முன்பக்கம் 75 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருக்கும், வளைவில் சாயும்போது புகைபோக்கிக் குழாய் தரையை உரசக்கூடும்.

அடுத்தது, ஃபோர்க்கைச் சட்டத்தின் கழுத்தோடு இணைக்கும் தண்டு. புதிய தண்டின் நீளமும் பேரிங் அளவும் பழைய கழுத்துக்குப் பெரும்பாலும் பொருந்தா. புதிய கவ்வியிலிருந்து தண்டை அழுத்து எந்திரத்தால் வெளியேற்றி, பழைய தண்டையோ புதிதாகக் கடைந்த ஒன்றையோ இறுகப் பொருத்த வேண்டும். இங்கே மட்டும் அரைகுறை வேலை கூடாது. அந்தத் தண்டு ஓடும்போது நழுவினால் ஓட்டுபவர் கையில் ஹேண்டில் இருக்கும், சக்கரம் அதற்குக் கட்டுப்படாது. இரட்டை டிஸ்க் பிரேக்கின் விசையும் பழைய சட்டத்தின் கழுத்துக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே கழுத்தருகே எஃகுத் தகடு வைத்து வலுவூட்டுவோரும் உண்டு.

சுருள்வில்லையும் மாற்றியாக வேண்டும். 1998இல் வந்த யமஹா ஆர்1 எரிபொருள் இன்றி 177 கிலோ, சி.பி. 750 ஏறத்தாழ 218 கிலோ. மெலிந்தவனுக்குத் தைத்த சட்டை! பருத்த குழாய்கள், ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது பெட்ரோல் டாங்கியில் மோதும்; இடையில் கட்டைவிரல் சிக்கினால் நசுங்கும். ஆகவே திருப்பத்தை நிறுத்தும் முட்டுகளை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

வேகமானிக்கு முன் சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கேபிளைப் பலரும் கடைசியில்தான் நினைப்பார்கள். புதிய சக்கரத்தில் அதற்கு இடமே இராது. வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் முள் சுழியத்திலேயே படுத்திருக்கும்.