மூட்டைகளால் எழுந்த மதில்



சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் போதும், வாள் பிடித்தவர் பெயரும் குதிரை ஏறியவர் பெயரும் வரிசையாக வரும். அந்த வீரருக்கு அன்று காலையில் சாப்பாடு போட்டது யார்? தோட்டா கொண்டுவந்து கொடுத்தது யார்? பூட்ஸ் கிழிந்தபோது வேறு ஜோடி எடுத்துக் கொடுத்தது யார்? இதைக் கேட்டால் புத்தகம் பெரும்பாலும் வாய் திறக்காது. அபூர்வமாக வாய் திறந்து சொன்ன ஒரு கதையை உங்கள் முன் வைக்கிறேன்.

தோட்டத்தில் பாடுபட்டவர்களுக்கு ஸ்டோரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசி, உரம், கத்தி, வாளி எல்லாம் ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. சாவி வைத்திருப்பவர் ஒழுங்கானவராக இருந்தால் வேலையும் ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால் பிரட்டுக்களத்திலேயே சத்தம் கிளம்பிவிடும். பட்டாளத்திலும் இதே கதைதான். அங்கே ஸ்டோர் தவறினால் உயிரே போய்விடும்.

ஜேம்ஸ் லாங்லி டால்டன் என்பவர் 1849ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் 85ஆவது காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகள் துப்பாக்கி தூக்கிய பிறகு, 1862இல் உணவு, தீவனம், வண்டி ஆகியவற்றைக் கவனிக்கும் 'கமிசரியட்' பகுதிக்கு மாறினார். 1863இல் சார்ஜன் ஆனார். பின்னர் அதற்கு மேற்பட்ட ஸ்டாப் சார்ஜன் பதவிக்கும் உயர்ந்தார்.

இந்த உத்தியோகத்தில் அப்படி என்னங்க கஷ்டம் என்று கேட்கலாம். மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு இறாத்தல் பிஸ்கட் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு முப்பது நாளைக்கு எவ்வளவு? 30,000 இறாத்தல். நூறு இறாத்தல் பெட்டியில் அடைத்தால் 300 பெட்டிகள். இது பிஸ்கட் மட்டும்தான். இறைச்சி, தேயிலை, சர்க்கரை, மருந்து, தோட்டா, கூடாரம் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. இவற்றை இழுக்கும் மாடுகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டும். எண்ணி வாங்க வேண்டும், எடை போட வேண்டும், மழையில் நனையாமல் அடுக்க வேண்டும், கொடுத்ததை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஒரு வரி தவறினால் எங்கோ ஒரு கூட்டம் பட்டினி கிடக்கும்.

1870இல் கனடாவில் செந்நதிப் படையெடுப்பு நடந்தபோது டால்டனும் அதில் பணி செய்தார். ஏரியும் ஆறும் காடும் நிறைந்த வழி அது. படகு போக முடியாத இடங்களில் படகையும் சரக்கையும் கரையேற்றி, சுமந்து சென்று, மறுபடியும் தண்ணீரில் இறக்க வேண்டும். 1871இல், 22 ஆண்டு சேவைக்குப் பிறகு, நெடுஞ்சேவை, நன்னடத்தைப் பதக்கத்தோடு ஓய்வு பெற்றார். அத்துடன் அவர் கதை முடிந்திருந்தால் இன்று நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம்.

பின்னர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற டால்டன், 1877இல் அங்கே போர் மூண்டபோது தாமே முன்வந்து மீண்டும் சரக்குப் பகுதியில் தற்காலிக அதிகாரியாகச் சேர்ந்தார். 1879 ஜனவரி 11ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜூலு நாட்டுக்குள் நுழைந்தது. எல்லையில், பப்பலோ ஆற்றங்கரையில், ரோர்க்ஸ் டிரிப்ட் என்ற சிறிய மிஷன் நிலையம் இருந்தது. அதிலிருந்த வீடு ஆஸ்பத்திரியாகவும், தேவாலயம் ஸ்டோராகவும் மாற்றப்பட்டன. முன்னே சென்ற படைக்கு வேண்டிய சோள மூட்டைகளும் பிஸ்கட் பெட்டிகளும் அங்கே மலைபோல் குவிந்திருந்தன.

ஜனவரி 22ஆம் தேதி பிற்பகல் இடி போன்ற செய்தி வந்தது. பக்கத்தில் இசாண்டுல்வானாவில் 1,300க்கும் மேற்பட்டவர்களைப் பிரிட்டிஷ் தரப்பு இழந்துவிட்டது, ஜூலு படை இங்கும் வருகிறது! என்ன செய்வது? நோயாளிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது டால்டன், ஓடக் கூடாது என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள். வண்டி மாடு நடக்கும் வேகம் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதுதான் அவர் தொழில். நோயாளிகளோடு மெதுவாக நகரும் வண்டியைத் திறந்தவெளியில் யாரும் எட்டிப் பிடித்துவிடுவார்கள். இருந்த இடத்திலேயே நின்றால்தான் பிழைக்க வழியுண்டு என்றார். தளபதிகளான லெப்டினன்ட் சார்டும் லெப்டினன்ட் பிராம்ஹெட்டும் நின்று போரிடுவது என்று முடிவு செய்தார்கள்.

மதில் கட்டக் கல் அடுக்க நேரமேது? ஸ்டோரில் இருந்த மூட்டைகளே கல்லாயின! சுமார் 200 இறாத்தல் எடையுள்ள சோள மூட்டைகளையும், நூறு இறாத்தல் பிஸ்கட் பெட்டிகளையும் இழுத்து வந்து இரண்டு கட்டடங்களையும் இணைத்துச் சுவர் எழுப்பினார்கள். இடையில் உதவிப்படையினர் பலர் ஓடிவிட, காவலுக்கு ஆள் குறைந்தது. உடனே நடுவில் பிஸ்கட் பெட்டிகளால் இன்னொரு குறுக்குச் சுவர் எழுந்தது. மிஞ்சியவர்கள் நோயாளிகளையும் சேர்த்துச் சுமார் 150 பேர். எதிரே வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

மாலை நாலரை மணி அளவில் தொடங்கிய போர் விடியற்காலை வரை ஓயவில்லை. டால்டன் சுவரோரம் அங்குமிங்கும் நடந்து, எல்லாருக்கும் தைரியம் சொல்லி, தாமும் சுட்டார். தோளில் குண்டு பாய்ந்ததும் துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து வழிகாட்டினார். அவரோடு பணிபுரிந்த ஸ்டோர்கீப்பர் லூயிஸ் பைர்ன், காயம்பட்ட ஒருவர் தண்ணீர் கேட்டபோது கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நேரத்திலேயே குண்டு பட்டு இறந்தார். கொடுப்பதே தொழிலாக வாழ்ந்தவர் கொடுத்துக்கொண்டே போய்விட்டார். ஆஸ்பத்திரி தீப்பற்றி எரிந்தது. சரக்குப் பகுதியின் இன்னோர் அதிகாரியான வால்டர் டன், குண்டு மழைக்கு நடுவே மூட்டைகளை உயரமாக அடுக்கிக் கடைசிப் புகலிடம் ஒன்றைக் கட்டி முடித்தார். பொழுது விடிந்தபோது ஜூலு படை விலகிச் சென்றிருந்தது. காவல் நின்றவர்களில் 17 பேர் மாண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று எதிரே நின்ற ஜூலு மக்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். அவர்களுடைய நாட்டுக்குள்தான் அந்நியப் படை புகுந்தது. கேடயமும் ஈட்டியும் பழைய துப்பாக்கியும் கொண்டு, குண்டு மழையை நோக்கித் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வண்டி வண்டியாக உணவு வரவில்லை. 350க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உயிர்விட்டார்கள். போர் முடிந்த பின் காயம்பட்டுக் கிடந்த ஜூலு வீரர்கள் பலர் கொல்லப்பட்டதும் நடந்த உண்மை. டால்டனின் கடமையுணர்ச்சியை மதிக்கலாம். அந்தப் போரை நியாயம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் நாம் சரித்திரம் படிக்கிறோம்.

ரோர்க்ஸ் டிரிப்டுக்காக 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. ஆனால் 1879 மே மாதம் வெளியான முதல் பட்டியலில் டால்டன் பெயர் இல்லை! நவம்பர் 17ஆம் தேதிதான் அவர் பெயர் வந்தது. டன் பெயர் சிபாரிசு செய்யப்பட்டும் விருது கிடைக்கவில்லை. 1887இல் டால்டன், போர்ட் எலிசபெத் நகரில் காலமானார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிலுள்ள ராணுவ முகாமுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவச் செல்வங்களே! அன்று அந்த மதில் எழுந்ததற்குக் காரணம் என்ன? மூட்டை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எவ்வளவு கனம் என்று அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பல வருஷம் ஒருவர் பொறுமையாகக் கற்ற தொழில் ஓர் இரவில் உயிர்களைக் காத்தது.

இன்று மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். முதல் பட்டியலில் பெயர் வராதவர்களும் சோர்ந்து போகாதீர்கள். கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள், கணக்கைச் சரியாக எழுதுங்கள். பெற்றோர்களே, விடியுமுன் எழுந்து பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன உங்கள் கைகளும் இந்தப் பரிசுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் அச்சாகாமல் இருக்கலாம். பிள்ளைகள் அதை மறக்கக் கூடாது.