பத்து ராட் நிலத்தில் உருளைக்கிழங்கு: இங்கிலாந்தின் வாடகைத் தோட்டங்களும் மரு நோயும்

இங்கிலாந்தில் ஊரோரங்களிலும் ரயில் பாதைகளை ஒட்டியும் காணப்படும் ‘அலாட்மென்ட்’ என்னும் சிறு தோட்டங்கள், சொந்த நிலமில்லாத குடும்பங்கள் தமக்கு வேண்டிய காய்கறிகளை விளைவித்துக்கொள்ளக் குறைந்த வாடகைக்கு விடப்படும் துண்டு நிலங்களாகும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்கள் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையாயின. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமையை இழந்த பண்ணைக் கூலிகளுக்கு ஈடாகவே இத்துண்டுகள் முதலில் பேசப்பட்டன. 1845ஆம் ஆண்டின் வேலியடைப்புச் சட்டம் ஏழைகளுக்கென நிலம் ஒதுக்க வகை செய்தது. ஆயினும் அடுத்த கால் நூற்றாண்டில் வேலியடைக்கப்பட்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 2,200 ஏக்கர்தான்; இதை ஈடு என்று சொல்ல நியாயமில்லை. 1887, 1908ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நிலம் தேடித் தரும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மேல் சுமத்திய பிறகே இத்தோட்டங்கள் நகரத் தொழிலாளரிடையே பரவலாயின.

காலப்போக்கில் ஒரு துண்டின் வழக்கமான அளவு பத்து ராட் என்று நிலைத்தது. ராட் என்பது ஐந்தரை கஜ நீளமுள்ள பழைய அளவுகோல். பத்துச் சதுர ராட் ஏறத்தாழ ஆறேகால் சென்ட் ஆகும். ஏரும் மாடும் இல்லாமல் மண்வெட்டியும் கவைமுள்ளும் கொண்டே பயிரிடத்தக்கதும், குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருந்து குடும்பத்தின் பசியாற்றுவதும் உருளைக்கிழங்கே என்பதால், அத்துண்டின் பெரும்பகுதி அதற்கே போனது. விதைக்கிழங்கைக் கண்கள் மேலே இருக்குமாறு ஆழமற்ற தட்டுகளில் அடுக்கி, பனி தாக்காத வெளிச்சமான இடத்தில் சில வாரங்கள் வைத்துத் தடித்த குட்டை முளைகள் விடச்செய்வதும், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளியை ஒட்டித் தொழுவுரம் இட்ட பள்ளங்களில் நடுவதும், செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைப்பதும் தலைமுறை தலைமுறையாக வந்த வேலைகள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி நச்சுத்தன்மை கொள்ளுமாதலால், மண் அணைப்பதில் யாரும் மெத்தனம் காட்டுவதில்லை.

1845இல் ஐரோப்பாவில் பரவி அயர்லாந்தைப் பெரும் பஞ்சத்தில் தள்ளிய இலைக்கருகல் நோய் இங்கிலாந்தின் தோட்டங்களையும் விடவில்லை. ஈரமும் மிதவெப்பமும் சேர்ந்த கோடையின் பிற்பகுதியில்தான் அது பெரும்பாலும் தலைதூக்கும். ஆகவே அதற்கு முன்பே தோண்டிவிடக்கூடிய குறுகிய கால வகைகள் பலருக்குக் கைகொடுத்தன. 1880களில் பிரான்சில் உருவான மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவை பின்னர் நீண்ட கால வகைகளுக்குக் காப்பாயிற்று.

தெளித்துத் தடுக்க முடியாத ஆபத்து மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1896இல் ஹங்கேரியில் விவரிக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட மரு நோய் ஒரு பூஞ்சையால் உண்டாவது. கிழங்கின் கண்களிலிருந்து காலிபிளவர் போன்ற முண்டுகள் புடைத்துக் கறுத்து அழுக, சில வேளைகளில் கிழங்கே அடையாளம் தெரியாமல் போகும். மேலே இலையும் தண்டும் பெரும்பாலும் செழிப்பாகவே நிற்பதால், அறுவடை நாளில் மண்ணைப் புரட்டும்வரை உழவருக்குக் கேடு புலப்படாது. நோயின் வித்துகளோ மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். பெரும்பண்ணையாளர் வேறு வயலுக்கு மாறலாம். ஆறேகால் சென்ட்டில் ஆண்டுதோறும் அதே மண்ணில் உருளைக்கிழங்கு போட்ட லங்காஷயர், செஷயர் தொழிலாளருக்கு மாறிப்போக இடமேது? நில ஒதுக்கீட்டின் கஞ்சத்தனமே நோய்க்கு நிலையான வீடு அமைத்துக் கொடுத்தது என்று கூறுவது மிகையாகாது.

விடுதலை விதையில் கிடைத்தது. நோயுற்ற தோட்டங்களிலேயே சில வகைகள் மட்டும் ஒரு மருவும் இன்றி விளைவது கவனிக்கப்பட்டதை அடுத்து, லங்காஷயரின் ஆர்ம்ஸ்கர்க்கில் 1915 முதல், நோய் ஊறிய நிலத்திலேயே வகை வகையாக நட்டுத் தேறியவற்றைப் பிரித்தெடுக்கும் சோதனைகள் நடைபெற்றன. 1919இல் நிறுவப்பட்ட தேசிய வேளாண் தாவரவியல் நிறுவனம் பின்னர் அப்பணியை ஏற்றது. உணவுக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துவந்த முதல் உலகப் போரின் ஆண்டுகள் அவை. 1916இன் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்ததால் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நிற்க, வெற்று நிலங்களைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசு பெற்றது. போர் முடிவதற்குள் அலாட்மென்ட்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 லட்சத்தை எட்டியது. அந்நெருக்கடியில்தான் மரு நோய் கண்ட பகுதிகளில் நோய் தாங்கும் வகைகளை மட்டுமே நட வேண்டும் என்ற ஆணைகளும் பிறந்தன.

கிரேட் ஸ்காட், மெஜஸ்டிக் ஆகிய வகைகள் இவ்வாறு புகழ்பெற்றன. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் மளிகைக் கடை நடத்திய டொனால்ட் மக்கெல்வி உருவாக்கி 1930இல் வெளிவந்த ஆரன் பைலட், மரு நோயையும் தாங்கி, முன்கூட்டியே விளைந்து கருகலுக்கும் தப்பியதால், சிறு தோட்டத்தார் விரும்பி வாங்கும் விதையாயிற்று. சுவையால் மக்கள் மனங்கவர்ந்த கிங் எட்வர்டு மருவுக்கு ஆட்படும் வகையாதலால், நோயுள்ள மண்ணில் அதை நட வழியில்லாமல் போயிற்று. விதைக்கிழங்குக்கு ஸ்காட்லாந்தை நாடியதற்கும் காரணமுண்டு: அங்குள்ள குளிர்ந்த காற்றில் அசுவினிப் பூச்சிகள் குறைவு, அவை கடத்தும் நச்சுயிரி நோய்களும் குறைவு.

இரண்டாம் உலகப் போரில் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட பயிர்த்திட்டம், 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட பத்து ராட் துண்டை மூன்றாகப் பகுத்து, உருளைக்கிழங்கை ஆண்டுதோறும் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தச் சொன்னது. மூன்றாண்டுச் சுழற்சி மண்வளத்துக்கு உதவியதே தவிர, முப்பது ஆண்டுகள் காத்திருக்கும் வித்துகளை அதனால் வெல்ல முடியாது. ஆகையால் நோய் ஊன்றிய துண்டுகளில் பயிர் இடம் மாறிய பின்னும், நடப்பட்ட கிழங்கு ஆர்ம்ஸ்கர்க்கில் தேறிய வகையாகவே இருக்க வேண்டியிருந்தது.