எலும்பு மஜ்ஜை மாற்று: கொடையாளி செல்களின் கலவை

கொடையாளியின் மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களோடு, நோய் எதிர்ப்புக்கான டி செல்களும் வருகின்றன. சிக்கல்கள் பெரும்பாலும் இவ்விரண்டின் அளவைப் பொறுத்தவை. சிடி34 என்ற குறியுள்ள இந்தக் குருத்தணுக்கள் நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் வேண்டும். குறைந்தால் புது ரத்தம் ஊறத் தாமதமாகும். டி செல்கள் எஞ்சிய புற்றணுக்களை அழிக்கும். அவையே நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். டி செல்களை முற்றிலும் நீக்கினாலோ நிராகரிப்பு, தொற்று, ரத்தப் புற்று திரும்புதல் ஆகிய அபாயங்கள் கூடும்.

ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் கொடையில் டி செல்கள் மஜ்ஜையைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். உறவினரல்லாத கொடையாளிகளைக் கொண்டு நடந்து 2012இல் வெளியான ஆய்வில், டி செல்கள் நோயாளியின் உடலைத் தாக்குவதன் நாள்பட்ட வடிவம், ரத்தத்திலிருந்து பிரித்த கொடை பெற்றவர்களில் 53 விழுக்காடு, மஜ்ஜை பெற்றவர்களில் 41. மாற்று பலிக்காமற்போனது முறையே 3, 9 விழுக்காடு. இரண்டாண்டு உயிர்வாழ்வில் வேறுபாடில்லை.

தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டில் அழிக்க வேண்டிய புற்று இல்லை. அங்கே டி செல்கள் குறைந்த மஜ்ஜையே ஏற்றது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மஜ்ஜை மாற்று 1986இல் தொடங்கியது. பொருந்தும் கொடையாளி கிடைக்காததே பெரும் தடை. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி கொடையாளர் பதிவகத்தில் கன்னத்தின் உட்புறச் செல் மாதிரி கொடுத்துப் பதியலாம். இளைஞர்கள் அவசியம் பதிய வேண்டும்.