வலிக்கு எத்தனை விழுக்காடு? தர்மபுரி மாவட்டத்தில் முதுகுவலியும் வேலை தேடலும்

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகெலும்பு விறைத்துக் குனியவோ திரும்பவோ முடியாமல் வாழ்ந்த மக்களைப் பற்றி ஷார்ட் முதலான மருத்துவர்கள் 1937-ல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் எழுதினார்கள். குடிநீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு எலும்பில் படிந்து, மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களையும் சுண்ணமாக்கிவிட்டதே காரணம் என்று கண்டார்கள். எலும்புப் ஃபுளோரோசிஸ் இந்தியாவில் மருத்துவ இலக்கியத்துக்குள் வந்தது அப்படித்தான். இந்த நோய் நெடுங்காலமாக நிலைகொண்ட தமிழகப் பகுதிகளில் தர்மபுரி முதன்மையானது. கடும்பாறை நிலம், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய குடியிருப்புகள், வெயிலில் உழைத்து அதிக நீர் குடிக்கும் உடல்கள் என எல்லாம் இங்கே ஒன்றுசேர்ந்தன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியுடன் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஃபுளோரோசிஸ் தணிப்பைத் தன் பெயரிலேயே தாங்கி வந்தது.

அந்தத் திட்டம் நீரை மாற்றியது. அதற்கு முன்பே எலும்பில் படிந்ததை எந்த நீராலும் கரைக்க முடியாது. மாவட்டத்தின் முதுகுவலி எல்லாமே ஃபுளோரைடால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சுமை தூக்கி ஜவ்வு விலகியவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பல மணி நேரம் நின்று வேலை செய்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். ஒரே முதுகில் இரண்டு காரணங்களும் சேர்ந்திருப்பதும் உண்டு. என் வாதம் வேறு: இந்த மாவட்டத்து முதுகுவலி ஒரு பொதுப் பிரச்சினை என்று குடிநீர் விஷயத்தில் ஏற்றுக்கொண்ட அரசு, வேலை விஷயத்தில் அதைத் தனிமனிதரின் உடற்குறையாகவே விட்டுவைத்திருக்கிறது. மாத்திரையின் துணையால் நடமாடுகிறவரே இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார். சான்றிதழ் வாங்கும் அளவுக்கு அவர் முடங்கவில்லை. மூட்டை தூக்கும் அளவுக்கு நலமாகவும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரி, சுமார் 68.5 விழுக்காடு. வேலைச் சந்தையில் இதற்குப் பொருள், நாற்பது வயதைத் தாண்டிய தலைமுறையில் பலருக்கு உடம்பைத் தவிர வேறு தகுதிச் சான்று இல்லை என்பதே. மானாவாரி நிலம் கைவிட்டால் பெங்களூர்க் கட்டட வேலை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை, திருப்பூர், ஓசூர்த் தொழிற்சாலைகள் என்றுதான் வழி பிரிகிறது. இவர்களுக்கு வேலை தேடல் என்பது விண்ணப்பம் எழுதுவதல்ல, விடியற்காலையில் ஆட்கள் கூடும் இடத்தில் போய் நிற்பது. மேஸ்திரி சான்றிதழ் கேட்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். பையைக் கீழே வைக்கும்போது இடுப்பில் கை போகிறதா, வண்டியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாரா என்று கவனிக்கிறார். சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. அதைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏற முடியுமா என்பதே நேர்காணல். சட்டைக்குள் பெல்ட் கட்டியிருப்பது தெரிந்தால் கொத்தனாராக வந்தவருக்குச் சித்தாள் கூலி பேசப்படும், அல்லது நாளைக்குப் பார்க்கலாம் என்ற பதில் வரும்.

அந்தப் பார்வையைக் கடந்துபோகத்தான் மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை முதல் படி. வெறும் வயிற்றில், தண்ணீரும் போதாமல், மாதக்கணக்கில் விழுங்கப்படும்போது அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. அடுத்த படி டிராமடால். அட்டையின் பின்புறம் திருப்பிப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் என்ஆர்எக்ஸ் என்று அச்சாகியிருக்கும். போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து என்பதற்கான குறி அது. 2018 ஏப்ரலில் நடுவண் அரசு டிராமடாலை அந்தச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. தவறான பயன்பாட்டைத் தடுக்க அது தேவையான நடவடிக்கை. ஆனால் முறையான சீட்டுடன் வாங்குகிறவர் மீதும் அதன் நிழல் விழுந்தது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் இந்த வகை மருந்துகளுக்கு நாளேடுகள் தரும் பெயர் போதை மாத்திரை. தொழிலாளர் தங்கும் கொட்டகையில் அந்த அட்டை ஒருவர் பையிலிருந்து விழுந்தால், அது எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே மாத்திரையை மறைக்கிறார். மறைப்பதால் எந்த வேலைக்கு அது ஆபத்து என்பதை யாரிடமும் பேச முடிவதில்லை.

மருத்துவமும் இந்த மருந்துகளின் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. நாட்பட்ட இடுப்புவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல், ஓபியாய்டு வகை வலிநீக்கிகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. இடுப்புப் பெல்ட்டையும் வேண்டாம் என்கிறது. பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், சில உடலியக்க சிகிச்சைகள், உளவழித் துணை ஆகியவற்றை முன்வைக்கிறது. மருத்துவமாக இது சரி. ஆனால் பென்னாகரம் பக்கத்து மலையடிவாரக் கிராமத்திலிருந்து பிசியோதெரபிக்காக வாரம் இரண்டு முறை தர்மபுரி நகருக்கு வந்துபோக, அன்றைய கூலியை இழக்க வேண்டும். மாத்திரை அந்தக் கூலியைக் காப்பாற்றித் தருகிறது. அடுத்த நாளும் அதே மூட்டையைத் தூக்க வைத்து முதுகை மேலும் கெடுக்கிறது. எனவே மாத்திரைப் பழக்கத்தை நோயாளியின் பலவீனமாக எழுதும் போக்கை நான் ஏற்கவில்லை. வேலையின் அமைப்புத்தான் அதை எழுதிக்கொடுக்கிறது. மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. முடங்கிக் கிடப்பவருக்கு அது பெரும் துணை. விடியலில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவரை வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதைப் பெற 40 விழுக்காடு குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். முதுகுக்கு அந்த 40 எப்படிக் கிடைக்கிறது? 2001-ல் நடுவண் அரசு அறிவித்த மதிப்பீட்டு நெறிமுறை முதுகெலும்பின் வலிக்கும் விறைப்புக்கும் தனி அளவுகோல் வைத்தது. நோயாளி வலி என்கிறார், தசை இறுக்கமில்லை, உடலமைப்பில் கேடு தென்படவில்லை என்றால் சுழியம். வலியும் தசை இறுக்கமும் விறைப்பும் இருந்து எக்ஸ்ரேயில் லேசான மாற்றம் தெரிந்தால் 20. மிதமான மாற்றம் என்றால் 25. முதுகின் ஒரு பகுதியில் கடுமையான மாற்றம் என்றால் 30. முதுகெலும்பு முழுவதும் அப்படி ஆனால்தான் 40. நெறிமுறைகள் 2018-லும் 2024-லும் புதுப்பிக்கப்பட்டன. ஆனாலும் அசைவிழப்பையும் உருக்குலைவையும் அளக்கும் நோக்கு அப்படியேதான் இருக்கிறது.

இந்த ஏணியைத் தர்மபுரி நோயாளியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். எலும்புப் ஃபுளோரோசிஸின் தொடக்கத்தில் இடுப்பிலும் மூட்டிலும் இனம்புரியாத வலி இருக்கும். படத்தில் தெளிவாக ஒன்றும் தெரியாது. மாற்றங்கள் படத்தில் ஏறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு, சான்றளிக்கும் மருத்துவக் குழுவின் முன் வருகிறவருக்குத் தசை இறுக்கமும் அன்றைக்குக் குறைந்திருக்கலாம். சிகிச்சை எடுத்துக்கொண்டதே அவருடைய எண்ணைக் குறைக்கிறது. ஒரு மனிதர் வேலை செய்யக்கூடிய வயதில், வேலையை மாற்றினால் பிழைத்துக்கொள்ளக்கூடிய கட்டத்தில், அரசின் கணக்கு அவருக்குச் சுழியம் போடுகிறது. முதுகு முழுவதும் இறுகி வேலையே முடியாத காலத்தில் 40 தருகிறது. உதவி பயன்படும் காலத்தில் அது கிடைப்பதில்லை. இந்த அளவுகோலின் மீது நான் வைக்கும் முதன்மைக் குற்றச்சாட்டு இதுதான்.

40 இல்லாவிட்டால் சட்டத்தில் இடமே இல்லை என்று அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும், ஏன் நோயாளிகளிடமும், ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. அதே 2016 சட்டத்தின் 2(எஸ்) பிரிவு, நீண்டகாலக் குறைபாடு ஒன்று சமூகத் தடைகளுடன் சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது. அங்கே விழுக்காடு இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள தேர்வர் ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது: 40 விழுக்காடு இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான வரம்பு, நியாயமான ஏற்பாடுகளைப் பெறும் உரிமைக்கு அது வரம்பல்ல. அந்தத் தீர்ப்பு தேர்வு எழுதுவது பற்றியது. அதன் தருக்கம் முதுகுவலிக்காரருக்கும் பொருந்தும் என்பது என் வாசிப்பு. உட்கார ஒரு நாற்காலி, சுமை தூக்காத பணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க ஐந்து நிமிடம் ஆகியவை அவர் கேட்கக்கூடிய ஏற்பாடுகள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது.

முதலாளிகளின் எதிர்வாதத்தையும் மதிக்க வேண்டும். டிராமடால் தலைசுற்றலும் தூக்கமும் தரும். அதைப் போட்டுக்கொண்டு பிரஸ் இயந்திரத்திலோ சாரத்திலோ ஏறுவது அவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த வாதம் சில பணிகளிலிருந்து அவரை விலக்கவே போதுமானது. நிறுவனத்தின் எல்லாப் பணிகளிலிருந்தும் விலக்கப் போதாது. மருந்தைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை அந்த ஆபத்தை முதலாளியால் அறியவும் முடியாது.

நம் சட்டங்களிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் விதித்தது. அதற்கு முன் 2018-ல் கேரளம் அதைச் செய்திருந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இஎஸ்ஐ) நீட்டித்த நோய்ப் பயன் பட்டியலில் முதுகெலும்பு ஜவ்வு விலகல் பெயரிட்டே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதைப் பெற இரண்டாண்டுத் தொடர் பணி வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கணக்கு அறுந்துபோகிறவருக்கு அது எட்டாது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலோ சுமையால் வரும் முதுகுக்கேடு இடம்பெறவே இல்லை. நீண்டகாலம் பாரம் தூக்கியதால் வரும் இடுப்பு ஜவ்வுக் கேட்டை ஜெர்மனி 1990-களின் தொடக்கத்திலேயே தொழில்நோயாக ஏற்றுவிட்டது.

தொழில்நோய்ப் பட்டியலைத் திருத்துவது மாவட்டத்தின் கையில் இல்லை. மாவட்ட அளவில் செய்யக்கூடியவை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விழுக்காடு தர முடியாத மருத்துவக் குழு, எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்த மருந்தில் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித்தரலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் நிறுவனங்கள் காலிப்பணியிட விவரம் தரும்போது, அந்தப் பணியை உட்கார்ந்து செய்ய முடியுமா, தூக்க வேண்டிய அதிகபட்ச எடை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.