செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு

1907ஆம் ஆண்டு பிறந்த சமயம். லண்டன் சேரிங் கிராஸ் கிராண்ட் ஹோட்டலின் கூடத்தில் ஓர் இளைஞர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை முகத்தோடு ஒட்டினாற்போல், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். அவரைச் சந்திக்க வந்த ஆர்தர் கோனன் டாயில் உடனே அருகில் போகாமல், சற்று நின்று கவனித்தார். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் கண் மருத்துவமும் பயின்றவர். இத்தனை கிட்டப்பார்வை உள்ளவரா மழை இருட்டில் வயலும் வேலியும் ரயில் பாதையும் தாண்டிப் போய், ஒரு மட்டக்குதிரையின் வயிற்றைக் கிழித்துவிட்டு, காவலர் எவர் கண்ணிலும் படாமல் வீடு திரும்பியிருப்பார்?

அந்த இளைஞர் ஜார்ஜ் எடல்ஜி. தந்தை சபூர்ஜி பம்பாய்ப் பார்சி. கிறிஸ்தவராகி, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்ற சுரங்க ஊருக்குப் பாதிரியாராகப் போனவர். தாய் ஆங்கிலேயர். வெள்ளைக்காரர்களின் கோயிலில் பழுப்பு நிறப் பாதிரியார் பிரசங்கம் செய்வது ஊரில் சிலருக்கு உறுத்தியது. 1888 முதலே வீட்டுக்கு மொட்டைக் கடிதங்கள் வந்தன. எழுதியவரைத் தேட வேண்டிய மாவட்டக் காவல்துறைத் தலைவர், அந்த வீட்டுப் பையன் மீதே சந்தேகத்தைத் திருப்பினார்.

பையன் வளர்ந்து வக்கீலானார். ரயில் பயணிகளுக்கான சட்டம் பற்றி ஒரு கையேடுகூட எழுதினார். 1903இல் ஊரைச் சுற்றிக் குதிரைகளும் மாடுகளும் ஆடுகளும் இரவோடிரவாக வெட்டுப்பட்டன. ஆகஸ்ட் 18 காலையில் சுரங்கத்து மட்டக்குதிரை ஒன்று குற்றுயிராகக் கிடந்தது. அன்றே ஜார்ஜ் கைதானார். தானும் மகனும் ஒரே அறையில், கதவைப் பூட்டிக்கொண்டுதான் படுத்திருந்தோம் என்று தந்தை கூண்டேறிச் சொன்னார். ஜூரிகள் நம்பவில்லை. தண்டனை ஏழு ஆண்டு. ஜார்ஜ் சிறையில் இருக்கும்போதும் வைர்லியில் கால்நடைகள் வெட்டுப்பட்டன.

அன்றைய இங்கிலாந்தில் இதற்குமேல் தட்ட ஒரு கதவு இல்லை என்பது இன்று நம்பக் கடினம். ஜூரிகள் குற்றவாளி என்றால் கதை முடிந்தது. சட்டப் பிரச்சினையை வேண்டுமானால் நீதிபதி மேலே அனுப்பலாம். 'நான் அவனில்லை' என்ற உண்மையை எடுத்துச் சொல்ல ஒரு நீதிமன்றம் கிடையாது. மிஞ்சியது உள்துறை அமைச்சரின் கருணை மட்டுமே. மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதா வந்து விழுந்தது. நீதிபதிகளே எதிர்த்தார்கள்.

ஆகவே மனு. பஹாமாஸ் தீவுகளின் தலைமை நீதிபதியாக இருந்த யெல்வர்டன் முன்னின்றார். பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். டாயிலின் புகழில் யெல்வர்டனின் பெயர் மங்கிப்போனது நியாயமே இல்லை. தந்தை சபூர்ஜி 1905இல் தானே ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். 1906 அக்டோபரில், மூன்றாண்டு கழிந்த நிலையில், காரணம் எதுவும் சொல்லாமல் ஜார்ஜை வெளியே விட்டார்கள். பழி நீங்கவில்லை, வக்கீல் தொழிலும் திரும்பவில்லை.

ஜனவரியில் டாயில் 'டெய்லி டெலிகிராஃப்' இதழில் இரண்டு நாள் எழுதினார். யார் வேண்டுமானாலும் மறுபிரசுரம் செய்துகொள்ளட்டும் என்று பதிப்புரிமையை விட்டுக்கொடுத்தார். பார்வைக் குறையை விளக்கினார். ஜார்ஜின் கோட்டில் ஒட்டியிருந்ததாகச் சொல்லப்பட்ட குதிரைமயிரைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். மொட்டைக் கடிதங்கள் ஜார்ஜின் கையெழுத்தே என்று சாட்சி சொன்ன நிபுணர் கர்ரினையும் விடவில்லை.

அந்தக் கர்ரின் ஏற்கெனவே ஒருவர் வாழ்க்கையைக் குலைத்தவர். அடால்ஃப் பெக் என்ற நார்வேக்காரர் பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாக 1896இல் ஏழாண்டு தண்டனை பெற்றார். கையெழுத்து அவருடையதே என்றது கர்ரினின் சாட்சியம். உண்மைக் குற்றவாளி வேறொருவர். அவர் விருத்தசேதனம் செய்தவர், பெக் அப்படியல்ல என்பது சிறை ஆவணத்திலேயே இருந்தது. அப்படியும் 1904இல் பெக் மறுபடி குற்றவாளியானார். அவர் காவலில் இருக்கும்போதே அசல் ஆள் அதே வேலையைச் செய்து பிடிபட்டதால்தான் தப்பினார்.

பெக் வழக்கின் சூடு தணியும் முன்பே எடல்ஜி வழக்கு. அரசு மூவர் குழுவை அமைத்தது. அதில் ஒருவர் அதே காவல்துறைத் தலைவரின் உறவினர். மே மாதம் குழு சொன்னது: குதிரையை வெட்டியது எடல்ஜி அல்ல, ஆனால் கடிதங்கள் அவருடையவையே, சிக்கலை அவரே வரவழைத்துக்கொண்டார். ஆகவே மன்னிப்பு உண்டு, இழப்பீடு இல்லை. செய்யாததற்கு மன்னிப்பு! டாயில் கொதித்துப்போனார். அவர் கொதித்ததில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஜார்ஜுக்கு வக்கீல் உரிமை திரும்பியது. பத்திரிகை வாசகர்கள் சுமார் 300 பவுண்டு திரட்டித் தந்தார்கள். அதே 1907 ஆகஸ்டில் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டம் நிறைவேறியது.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தை எட்டவில்லை. 1908 டிசம்பரில் கிளாஸ்கோவில் ஒரு மூதாட்டி கொலையுண்டார். ஆஸ்கர் ஸ்லேட்டர் என்ற ஜெர்மானிய யூதர் மாட்டிக்கொண்டார். 15 ஜூரிகளில் 9 பேர்தான் குற்றவாளி என்றார்கள். அது போதுமானதாக இருந்தது. தூக்குமேடைக்கு இரண்டு நாள் முன்பு தண்டனை ஆயுளாகக் குறைந்தது. பீட்டர்ஹெட் சிறையில் அவர் கருங்கல் உடைத்தார். டாயில் 1912இல் நூல் எழுதினார். உண்மையைச் சொல்ல முன்வந்த டிரெஞ்ச் என்ற துப்பறியும் அதிகாரி 1914இல் வேலை இழந்தார். 1925இல் விடுதலையான கைதி ஒருவர், ஸ்லேட்டர் எழுதிய துண்டுச் சீட்டை வாய்க்குள் மறைத்துக் கொண்டுவந்து டாயிலிடம் சேர்ப்பித்தார். ஸ்லேட்டர் வெளியே வந்தது 1927 நவம்பரில். தீர்ப்பு ரத்தானது 1928 ஜூலையில். இழப்பீடு 6,000 பவுண்டு.

எடல்ஜிக்கு அரசிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. 1907 செப்டம்பரில் டாயிலின் திருமண விருந்துக்கு அழைக்கப்பட்ட அவர், பிறகு வக்கீலாகவே உழைத்து, 1953இல் காலமானார். அரசின் கோப்பில் மொட்டைக் கடிதப் பழி அன்றைக்கும் அவர் பேரிலேயே இருந்தது.