'120 ஜிஎஸ்எம்' ஜிஐ ஷீட்: துத்தநாகம் எவ்வளவு?

மாடிக்கு ஜிஐ ஷீட் போடப் போறீங்களா? கடைக்காரர் சொல்லும் '120 ஜிஎஸ்எம்' ஷீட்டின் தடிமன் இல்லை. ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் உள்ள துத்தநாகப் பூச்சின் எடை, அதுவும் ரெண்டு பக்கமும் சேர்த்து. அப்போ பக்கத்துக்கு 60 கிராம்தான். துத்தநாகத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.14 கிராம், கணக்குப் போட்டா சுமார் 8.4 மைக்ரான் வரும். 275 ஜிஎஸ்எம் என்றால் 19 மைக்ரான். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுவதால், பூச்சு பாதியானால் ஆயுளும் கிட்டத்தட்ட பாதி.

ஆலையில், சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முங்கி எழும் தகட்டின் மேல் வேகமாகக் காற்றைப் பீய்ச்சி, மிச்சத்தை வழித்துவிடுவார்கள். காற்றைக் கூட்டினால் பூச்சு மெலியும், காசும் மிச்சம்.

ஷீட் வந்ததும் காந்தத்தில் இயங்கும் தடிமன் கேஜை வெச்சுப் பார்க்கலாம். ஓரத்தை விட்டு, நாலைந்து இடத்தில் வையுங்க. கலர் ஷீட்டில் அது பெயிண்டையும் சேர்த்தே காட்டும். பெரிய நம்பரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.