பிழைப்புக்காக மட்டும் போனார்களா?

மலையகத் தமிழரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'பிழைப்புக்காக இலங்கைக்குப் போனவர்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். சொந்த ஊரில் பிழைப்பு இல்லாமல் போனது எப்படி என்று கேட்பதில்லை.

அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். நிலமில்லாமல், பண்ணையாளாகவும் படியாளாகவும் மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தவர்கள். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. கடனைத் தொடவில்லை. அப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய பணத்துக்கு மகன் உழைத்தான். குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். இது பொருளாதாரக் காரணமா, பாதுகாப்புக் காரணமா? சமூகவியல் தேர்வில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதி நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சேரியில் நின்று பார்த்தால் பிரிக்க முடியாது. கூலி கேட்டால் அடி. அடிக்குப் பயந்தால் அரைவயிறு.

இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது கங்காணி முன்பணத்தோடு ஊருக்குள் வந்தார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் அவர் பின்னால் போவதைத் தவிர பலருக்கு வேறு வழியே இருக்கவில்லை. அதற்கு முன்பிருந்தே, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம்.

சாதியும் கூடவே போனது. கங்காணிகளில் பலர் ஆதிக்க சாதியினர். லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. தோட்டம் மாற, கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் விடுதலை. 1921இல்தான் இந்த முறை ஒழிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் திருச்சி, சேலம், தஞ்சாவூர் கிராமங்களிலிருந்து மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அதை வைத்துத் தோட்டத்தைப் புகழ வேண்டாம். விட்டுப்போன ஊரின் லட்சணத்தைப் பாருங்கள்.

1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. வர மனமில்லாதிருந்த பலரையும் 1977, 1983 வன்முறைகள் தலைமன்னாரில் கப்பலேற வைத்தன.

நிலமில்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலமில்லாமலே திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மறுபடியும் கொழுந்துக் கூடை. மறுபடியும் வேலையோடு சேர்த்துக் கட்டிய வீடு. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்கு இன்றும் பெயர் 'சிலோன்காரர்'.